டயரும் களைக்கும்

(பாலிடெக்னிக் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டது டயர். ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். களைத்துப்போவது ஒன்று, சக்கரத்தின் மேலுறை இன்னொன்று. நாமும் இரண்டையும் வாங்கிப் புழங்குகிறோம். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் "டயர்டா இருக்கு" என்கிறோம். வழியில் வண்டி நின்றுபோனால் "டயர் பஞ்சர்" என்கிறோம். பிறப்பில் இவை வேறு வேறு சொற்கள். களைப்பைச் சொல்லும் சொல் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. சக்கரத்துக்கு உரியது, உடையைக் குறிக்கும் 'அட்டயர்' என்ற சொல்லின் முன்பகுதி உதிர்ந்து வந்தது என்பது அகராதிக்காரர்களின் கருத்து. மரச்சக்கரத்துக்கு இரும்பை உடுத்தினார்கள். அந்த உடுப்பின் பெயர் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுத்தில் வருகிறது. இன்று பிரிட்டனில் அதை 'ஒய்' போட்டு எழுதுகிறார்கள், அமெரிக்காவில் 'ஐ' போட்டு எழுதுகிறார்கள். சொல்லைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் சொல்ல வந்தது பட்டறை விஷயம். அகராதியில் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத இந்த இரண்டு பொருளும் வண்டிக்கு அடியில் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. டயர் உண்மையாகவே களைக்கிறது. இரும்பு டயரும் களைக்கிறது, ரப்பர் டயரும் களைக்கிறது. அந்தக் களைப்பு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. தெரியாததை அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டது உங்கள் துறையின் பெரிய சாதனை. அந்த அளவுகோலை எதற்கெல்லாம் வைத்தோம், யாருக்கு வைக்காமல் விட்டோம் என்பதையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் இரும்பு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றுவதைப் பார்த்தவர்கள் உங்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தில் ஆரக்கால்களைச் செருகி, அவற்றின் வெளி நுனியில் வட்டைத் துண்டுகளைப் பூட்டி, மரவேலையை முடிப்பார் தச்சர். அதன்பிறகு கொல்லர் வருவார். சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சிறியதாக இரும்பு வளையம் அடித்து வைத்திருப்பார். எரியும் வறட்டிக்கு நடுவே கிடந்து வளையம் பழுத்ததும் விரிந்துகொடுக்கும். நாலு பேர் இடுக்கியால் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் தீப்பிடித்துப் புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கும்போது வட்டையும் ஆரக்காலும் குடமும் கிறீச்சென்று நெருங்கிப் பூட்டிக்கொள்ளும். இங்கிலாந்துத் தச்சர்களும் இதே முறையில்தான் செய்தார்கள். ரயில் வந்தபோது இந்தக் கொல்லன் வித்தை அப்படியே தொழிற்சாலைக்குள் போயிற்று. ரயில் சக்கரத்தின் நடுப்பகுதி தனி, தண்டவாளத்தில் உருளும் வெளி வளையம் தனி. வளையத்தைச் சூடாக்கி விரித்து, சக்கரத்தில் ஏற்றி, சுருங்கவிட்டார்கள். அந்த வளையத்துக்கும் டயர் என்றே பெயர். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம், முழுச் சக்கரத்தையும் தூக்கி எறிய வேண்டாம். நல்ல யோசனை. ஆனால் வண்டியின் முழு நம்பிக்கையும் ஒரு வளையத்தின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

1874 டிசம்பர் 24. லண்டன் பாடிங்டனிலிருந்து பெர்க்கன்ஹெட் போகும் ரயில். மறுநாள் கிறிஸ்துமஸ், கூட்டம் தாங்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய சிறிய பெட்டி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ஷிப்டன் என்ற ஊருக்கருகே அந்தப் பெட்டியின் டயர் உடைந்தது. ரயில் கவிழ்ந்து 34 பேர் இறந்தார்கள். அந்தப் பெட்டி அதற்கு முன்பு எத்தனையோ முறை பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்த பெட்டிதான்.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரும்பு ஏன் ஒருநாள் திடீரென்று உடைகிறது என்ற கேள்வி அதற்கு முன்பே எழுந்திருந்தது. 1842-இல் பிரான்சில் வெர்சாய் பாதையில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் எரிந்து இறந்தார்கள். அதன்பிறகு பல நாட்டுப் பொறியாளர்களும் உடைந்த அச்சுகளை எடுத்து வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இதைப் பொறுமையாக ஆராய்ந்தவர் பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த ஆகஸ்ட் வோலர். 1850-களிலும் 60-களிலும் அச்சுகளைப் பாரத்தோடு லட்சக்கணக்கான முறை சுழற்றிப் பார்க்கும் இயந்திரங்களைச் செய்தார். அவர் கண்டது இதுதான்: ஒருமுறை தாங்கும் பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமே போதும், அது திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் உலோகம் உடையும். எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்று என்று அட்டவணை போட்டார். இன்றும் அந்த வளைகோட்டுக்கு வோலர் பெயர்தான். உங்கள் பாடப்புத்தகத்தில் ஃபெட்டீக் என்ற தலைப்பில் வருவது இது. அந்தச் சொல்லுக்கு அயர்ச்சி என்று பொருள். இரும்பை ஆராய்ந்த பொறியாளர்கள் மனித உடம்புக்கு உரிய சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் தெரிந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆனபிறகு நடந்ததைச் சொல்கிறேன். 1998 ஜூன் 3. ஜெர்மனியின் ஐசிஇ விரைவு ரயில் மியூனிக்கிலிருந்து ஹாம்பர்க் போய்க்கொண்டிருந்தது. இந்த ரயில்களில் ஆரம்பத்தில் ஒரே வார்ப்பான முழுச் சக்கரங்கள் இருந்தன. ஓடும்போது அதிர்வு வந்தது, உணவுப் பெட்டியில் உட்கார்ந்தவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது. அதைக் குறைக்கச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் வெளி எஃகு டயருக்கும் இடையே ரப்பர் வளையம் வைத்த சக்கரத்துக்கு மாறினார்கள். அதிர்வு அடங்கியது. ஆனால் ரப்பர்மேல் உட்கார்ந்த எஃகு டயர், ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில் மிகக் கொஞ்சம் அமுங்கி, மறுபடி வட்டமாகும். புதிதாக 920 மில்லிமீட்டர் இருந்த அந்தச் சக்கரம் 862-க்குத் தேய்ந்திருந்தது. விதிப்படி 854 வரை ஓட்டலாம், ஆகவே காகிதத்தில் குற்றமில்லை. டயர் மெலிய மெலிய வளைவு கூடும். நீங்களே கணக்குப் போடுங்கள். இந்த விட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 370 சுற்று. மியூனிக்–ஹாம்பர்க் 800 கிலோமீட்டர் அளவுக்கு வரும். ஒரு பயணத்திலேயே சுமார் மூன்று லட்சம் முறை வளைந்து நிமிர்கிறது.

விரிசல் டயரின் உள்முகத்தில், ரப்பரை ஒட்டிய பக்கத்தில் பிறந்தது. பராமரிப்பு ஊழியர்கள் விளக்கடித்துப் பார்த்தது வெளிமுகத்தை. அந்தப் பெட்டியில் சத்தமும் அதிர்வும் கூடுதலாக இருக்கிறது என்று ரயிலில் பணியாற்றியவர்கள் அதற்கு முன்பே பலமுறை எழுதிவைத்திருந்தார்கள். எழுதியது எழுதியபடியே இருந்தது.

எஷெடே என்ற சிற்றூருக்குச் சில கிலோமீட்டர் முன்பு டயர் அறுந்து, முதல் பெட்டியின் தரையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. பயணி ஒருவர் எழுந்துபோய் நடத்துநரைத் தேடிப் பிடித்துச் சொன்னார். தன் கண்ணால் பார்க்காமல் அவசர பிரேக்கைப் போடக் கூடாது என்பது நடத்துநருக்கு இருந்த விதி. பார்க்க வந்துகொண்டிருந்தபோதே, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் தண்டவாளம் பிரியும் இடத்தில் தொங்கிய டயர் மாட்டியது. பெட்டிகள் தடம்புரண்டு மேம்பாலத் தூணில் மோதின. பாலம் ரயில்மேல் விழுந்தது. 101 பேர் இறந்தார்கள். அந்தச் சக்கர வகையையே அந்த ரயில்களிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி முழுச் சக்கரத்துக்குப் போனார்கள்.

இந்த விபத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் அந்தப் புகார்ச் சீட்டுகளிடமே திரும்பி வருகிறேன். விளக்கு வெளிச்சம் காட்டாததை, அந்தப் பெட்டியில் தினம் நின்று வேலை செய்தவர்களின் காலும் காதும் சொல்லியிருக்கின்றன. பணிமனையில் சேர்ந்ததும் ஓட்டுநரும் நடத்துநரும் எழுதும் புகார்ப் புத்தகத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். வேறு எந்தக் கையேட்டையும் அதற்குப் பிறகு படிக்கலாம்.

இனி ரப்பர். காற்றடைத்த டயரை முதலில் கண்டுபிடித்தவர் டன்லப் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய துணிக் குழாய்க்கு மேலே தோல் உறை. குதிரை வண்டியில் மாட்டி லண்டன் பூங்காவில் ஓட்டிக் காட்டினார். வாங்க ஆளில்லை, மறந்துபோனார்கள். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதைத் தானாகவே மறுபடி கண்டுபிடித்தார். தாம்சனின் பழைய காப்புரிமை தெரியவந்து டன்லப்பின் உரிமை செல்லாமல் போனாலும், சைக்கிள் பந்தயங்களில் காற்று டயர் வென்றது வென்றதுதான். அப்புறம் மிஷ்லின் சகோதரர்கள், கார், லாரி, விமானம். இந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.

ரப்பர் எப்படிக் களைக்கிறது? சாலையைத் தொடும் இடத்தில் டயர் தட்டையாகிறது, தாண்டியதும் நிமிர்கிறது. அமுக்கியபோது கொடுத்த சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. கொஞ்சத்தைச் சூடாக்கி உள்ளேயே வைத்துக்கொள்கிறது. காருக்குக் கிலோமீட்டருக்கு 500 சுற்று என்று வைத்தால், 40,000 கிலோமீட்டரில் இரண்டு கோடி முறை அமுங்கி நிமிர்ந்திருக்கும். காற்று குறைந்தால் அமுங்கல் கூடும், அமுங்கல் கூடினால் சூடு கூடும், சூட்டில் உள்ளே இருக்கும் நூலும் ரப்பரும் பிரியத் தொடங்கும். கோடையில் நெடுஞ்சாலை ஓரம் கிழிந்து கிடக்கும் பட்டைகளில் பலவும் காற்று குறைந்து, பாரம் மிகுந்து ஓடியவை. சாலையைப் பிடிக்கும் மேற்பட்டையான பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஓட்டுநர் ஏமாந்திருப்பார். பட்டன் வெளியே இருப்பது, பிரிவு உள்ளே நடப்பது.

இயற்கை ரப்பருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதைப் பலமாக இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் வரிசையாக அணிவகுத்துப் படிகம்போல் இறுகுகின்றன. விரிசலின் முனையில்தான் இழுவிசை மிகுதி. ஆகவே விரிசல் எங்கே முன்னேறப் பார்க்கிறதோ அங்கேயே ரப்பர் தன்னை இறுக்கிக்கொண்டு வழிமறிக்கிறது. பரவலாகப் புழங்கும் செயற்கை ரப்பருக்கு இந்தத் திறமை இல்லை. விமான டயருக்கும் கனரக லாரி டயருக்கும் இன்றும் மரத்துப் பால் வேண்டியிருப்பது இதனால்தான்.

அந்த மரத்திடம் போவோம். பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து 1876-இல் ஹென்றி விக்கம் ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. நாற்றுகள் இலங்கைக்கு வந்தன. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் போயின. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்து, மலாயாத் தோட்டக்காரர்களிடம் விதைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து நடச்சொன்னார். டன்லப்பின் டயரும் ரிட்லியின் வெட்டும் ஒரே காலத்தவை. தோட்டங்கள் பால் வெட்டுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில், ஐரோப்பாவின் டயர்ப் பசிக்குக் காங்கோ காடுகள் இரையாயின. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள் அங்கே கைகளை வெட்டியதை ரோஜர் கேஸ்மென்ட்டின் 1904 அறிக்கை உலகுக்குச் சொன்னது.

மலாயாவில் கதை வேறு விதம். அங்கே வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து, உறவுமுறை பேசி, ஆள் சேர்ப்பார். அவருக்குத் தலைக்காசு. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்குக்குப் பக்கத்துத் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில் போய் இறங்கினார்கள். 1920-களில் உலகத்திலேயே மிக அதிகமாக ரப்பர் விளைந்தது அங்கேதான்.

பால் வெட்டும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் அவரவர் மர நிரைக்கு ஓட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். மரத்தின் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரிவாக ஒரு கோடு. பால் குழல்கள் பட்டைக்குள் எதிர்ச்சாய்வில் ஏறிப்போவதால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழல்கள் திறக்கும். முந்தைய வெட்டின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிப்புக்குப் பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடிக் கத்தி உள்மரத்தைத் தொட்டால் காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், பிறகு வெட்ட முடியாது, மேற்பார்வையாளரான தண்டலிடம் வசவு. பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்துத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரம். இப்படி ஒரு காலையில் 300 முதல் 500 மரம். ஒவ்வொரு மரத்திலும் குனிந்து, சுற்றி, நிமிர வேண்டும். பிறகு திரும்ப முதல் மரத்திலிருந்து பாலைச் சேர்த்து, காண்டா என்ற சுமைத்தடியில் வாளி மாட்டித் தோளில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை உரிப்பது பெண்களும் பிள்ளைகளும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டில்லை. வெட்டில்லாத நாளில் பலருக்குக் கூலியும் இல்லை.

மாணவர்களே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். தினமும் வெட்டினால் மரம் களைத்துப்போகும். பட்டை வறண்டு பால் நின்றுவிடும் ஒரு நோய் வரும். தோட்ட முதலாளிகளுக்கு இது பெரும் கவலை. ஆராய்ச்சி நடந்தது. 1925-இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது. மரம் எத்தனை நாளுக்கு ஒரு வெட்டைத் தாங்கும், சீவிய பட்டை மறுபடி வளர எத்தனை ஆண்டு வேண்டும் என்றெல்லாம் நுட்பமாக அளந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை பரவியது. மரத்துக்கு மாற்று நாள் ஓய்வு. மரம் ஓய்வெடுக்கும் நாளில் ஆள் என்ன செய்தார்? இன்னொரு நிரைக்குப் போனார். அவர் பெயரில் இரண்டு நிரை இருந்தது. அறிவியலின் குறை இது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மரத்தின் அயர்ச்சியை அவ்வளவு அழகாக அளந்தவர்கள், கத்தி பிடித்த கையின் அயர்ச்சியை அளக்க வேண்டிய பொருளாகவே கருதவில்லை. ரப்பர் விலை விழுந்த 1930-களின் தொடக்கத்தில் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

ஆகவே தொழிலாளர்களே தங்கள் அயர்ச்சியை எழுதிக் காட்டினார்கள். 1941-இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் தலைவர். அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி இருந்தது, பிள்ளைகளுக்கு முறையான கல்வி இருந்தது, மருத்துவ வசதி இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது, பெண்களைத் தொல்லை செய்வதை நிறுத்து என்பது இருந்தது. அதே பட்டியலில் இன்னும் இரண்டு கோரிக்கைகள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை நாளை ஒழிக்க வேண்டும் என்பது ஒன்று. தோட்டத்துத் துரையோ எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்க வேண்டும் என்பது மற்றொன்று. அந்த சைக்கிளின் டயருக்குப் பால் எடுத்தவர்கள் அவர்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்து தன் வழியே போகும் உரிமையை எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். எண்பது ஆண்டுக்கு மேல் ஆனபிறகு படிக்கும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இந்த வரலாற்றை உங்களிடம் வந்து சொல்வதற்குக் காரணம், நாளைக்குப் பணிமனையிலும் லாரி அலுவலகத்திலும் பதிவேடு எழுதப்போகிறவர்கள் நீங்கள். டயரின் பக்கச்சுவரில் கடைசியாக நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். 1.6 மில்லிமீட்டர் மட்டத்துக்குத் தேய்ந்தால் அவை தலைகாட்டும். காற்றழுத்தத்தை வண்டி ஓடும் முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். இவற்றையெல்லாம் எழுதும் அதே பக்கத்தில், அந்த வண்டியை ஓட்டுபவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் இடையில் அரைமணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நம் நாட்டில் வரையறுத்தது. முதலாளி அந்தக் கட்டம் எதற்கு என்று கேட்டால், வோலரின் வளைகோட்டை அவருக்கு வரைந்து காட்டுங்கள்.

ஆட்டோமொபைல் பிரிவினர் பழைய டயர்கள் இரண்டை அறுத்து வெளியே வைத்திருக்கிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். கேள்விகளை அங்கே போய், அறுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம்.